வீட்டுக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது, நகைக்கு இருக்கிறதா?

வீட்டுக் கடன் வாங்கும்போது வங்கியில் நீட்டுகிற காகிதங்களில் ஒன்று இன்சூரன்ஸ் படிவம். எங்கே கையெழுத்துப் போடச் சொல்கிறார்களோ அங்கே போட்டுவிடுகிறோம். கடன் தொகையோடு பிரீமியமும் பிடித்துக்கொள்ளப்படுகிறது. அதற்குப் பிறகு அந்தப் பாலிசியை நாம் பிரித்துப் பார்ப்பதே இல்லை. "வீட்டுக்கு இன்சூரன்ஸ் போட்டிருக்கிறோம்" என்ற நிம்மதி மட்டும் மனதில் தங்கிவிடுகிறது.

பொள்ளாச்சியில் உறவுக்காரர் நிக்காஹ்வுக்காக ஒரு குடும்பம் இரண்டு நாள் வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். திரும்பி வந்து பார்த்தால் பூட்டு உடைந்திருக்கிறது, பீரோ திறந்து கிடக்கிறது, நகை இல்லை. காவல் நிலையத்தில் புகார் கொடுத்த கையோடு அந்த இன்சூரன்ஸ் காகிதத்தைத் தேடி எடுக்கிறார்கள். பெரும்பாலும் அந்தப் பாலிசியில் நகைக்கு இடமே இருக்காது. சில நேரம் திருட்டுக்கே இடம் இருக்காது.

பாலிசியில் மோசடி எதுவும் நடக்கவில்லை. என்ன வாங்கியிருக்கிறோம் என்று படிக்காமல் இருந்ததால் வந்த ஏமாற்றம் இது. நம் வீடுகளில் நகை என்பது வெறும் அலங்காரமும் அல்ல. மனைவிக்குக் கொடுத்த மஹர், தாய் வீட்டுச் சீர், மகளின் நிக்காஹ்வுக்கென்று வளைகுடாவில் உழைத்துச் சேர்த்த பவுன், அவசரத்துக்கு அடகு வைக்க இருக்கும் ஒரே பொருள், எல்லாம் அதுதான். அதனால் வீட்டு இன்சூரன்ஸ் எந்த இழப்புக்குப் பணம் தரும், எதற்குத் தராது என்பதை ஒரு பாலிசியைக் கையில் வைத்துக்கொண்டு படிப்பதுபோல இங்கே பார்ப்போம். இன்சூரன்ஸே மார்க்கத்தில் கூடுமா என்ற கேள்வி பலருக்கும் முதலில் எழும். அதற்கும் கட்டுரையின் பிற்பகுதியில் வருகிறோம்.

வங்கி எடுத்துக் கொடுக்கும் பாலிசியில் என்ன இருக்கிறது?

2021 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் வீடுகளுக்குத் தீ மற்றும் அது சார்ந்த ஆபத்துகளுக்குக் காப்பீடு தரும் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் எல்லாம் "பாரத் கிருஹ ரக்ஷா" என்ற ஒரே மாதிரியான பாலிசியைக் கட்டாயம் தர வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. உத்தரவிட்டது. எந்த நிறுவனத்தில் வாங்கினாலும் இதன் அடிப்படை விதிகள் ஒன்றுதான்.

தீ, இடி மின்னல், புயல், வெள்ளம், நிலநடுக்கம், நிலச்சரிவு, கலவரம், வேலைநிறுத்தம், வேண்டுமென்றே செய்யப்படும் சேதம், பயங்கரவாதச் செயல், தண்ணீர்த் தொட்டி வெடித்து வழிவது ஆகியவற்றால் வீட்டுக்கு ஏற்படும் சேதத்தை இது ஈடு செய்கிறது. கட்டடத்தோடு சேர்த்து வீட்டுப் பொருள்களுக்கும் தானாகவே காப்பீடு உண்டு. கட்டடத்துக்கு எவ்வளவு காப்பீட்டுத் தொகையோ அதில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய். கட்டடம் 30 லட்சத்துக்குக் காப்பீடு செய்யப்பட்டிருந்தால் பொருள்களுக்கு 6 லட்சம். இதற்கு மேல் வேண்டுமானால் தனியாகக் குறிப்பிட்டுக் கூட்டிக்கொள்ளலாம். வாடகை வீட்டில் இருப்பவர்கள் கட்டடத்தை விட்டுவிட்டு, பொருள்களுக்கு மட்டும் எடுக்கவும் வழி உண்டு.

ஆனால் இங்கே "பொருள்கள்" என்பது கட்டில், பீரோ, ஃப்ரிட்ஜ், டி.வி., வாஷிங் மெஷின் போன்றவை. தங்க நகை, வெள்ளிச் சாமான், ஓவியம், பழங்காலக் கலைப்பொருள் எல்லாம் "விலையுயர்ந்த பொருள்கள்" என்ற வேறு கணக்கில் வருகின்றன. அது கூடுதல் பிரீமியம் செலுத்தி, நாமே கேட்டு வாங்க வேண்டிய விருப்பப் பிரிவு. கேட்காதவருக்கு அது கிடையாது. வீடு தீப்பிடித்து நகை உருகிப் போனாலும்கூட, அந்தப் பிரிவு இல்லையென்றால் நகைக்கு ஒரு ரூபாயும் வராது.

இந்தப் பிரிவில் நகையின் மதிப்பை முன்கூட்டியே இரு தரப்பும் ஒப்புக்கொண்டு பாலிசியில் எழுதிவிடுகிறார்கள். மொத்தத் தொகை 5 லட்சத்துக்கு உட்பட்டு, எந்தத் தனி நகையும் 1 லட்சத்தைத் தாண்டாமல் இருந்தால் மதிப்பீட்டுச் சான்றிதழ் தேவையில்லை. அதற்கு மேல் என்றால் சான்றிதழ் கேட்பார்கள்.

இன்னொரு முக்கியமான விஷயம். சாதாரணத் திருட்டு இந்தப் பாலிசியின் பட்டியலிலேயே இல்லை. மேலே சொன்ன தீ, வெள்ளம், கலவரம் போன்ற ஏதாவது ஒன்று நடந்து, அதன் காரணமாக 7 நாட்களுக்குள் வீட்டில் திருடு போனால் மட்டுமே அது கணக்கில் வரும். யாரோ இரவில் பூட்டை உடைத்து நகையை அள்ளிச் சென்றால், இந்தப் பாலிசி மட்டும் வைத்திருப்பவருக்கு எதுவும் கிடைக்காது. அதற்குக் கொள்ளைக் காப்பீடு தனியாக வேண்டும்.

கடன் இருக்கும்வரை பாலிசியில் வங்கியின் பெயரும் இருக்கும். கட்டடத்துக்குக் கிடைக்கும் இழப்பீடு முதலில் கடனுக்குத்தான் போகும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

தொலைந்தது வேறு, திருடு போனது வேறு

பேச்சு வழக்கில் "நகை போச்சு" என்ற ஒரே சொல்லால் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறோம். காப்பீட்டு நிறுவனம் அதை மூன்றாகப் பிரித்துப் பார்க்கிறது.

முதலாவது, அழிந்துபோனது. தீயில் உருகியது, வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது இந்த வகை. 2018 ஆகஸ்ட்டில் மேட்டூர் அணையிலிருந்து காவிரியில் பெருவெள்ளம் திறந்துவிடப்பட்டபோது பவானியிலும் ஈரோட்டின் கரையோரப் பகுதிகளிலும் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அதுபோன்ற நிகழ்வில் வெள்ளம் வந்தது ஊரறிந்த உண்மை. என்னென்ன பொருள் இருந்தது என்பதை மட்டும் நிரூபித்தால் போதும்.

இரண்டாவது, திருடு போனது. இதில் எப்படித் திருடப்பட்டது என்பதே முதல் கேள்வி.

மூன்றாவது, தொலைந்தது. கடைசியாக எப்போது பார்த்தோம் என்று தெரியாது, எங்கே கழற்றி வைத்தோம் என்று நினைவில்லை, தேடினால் காணவில்லை. பாரத் கிருஹ ரக்ஷாவின் விலக்குப் பட்டியலில் இது வெளிப்படையாகவே இருக்கிறது. வைத்த இடம் மறந்து காணாமல் போனதற்கும், எந்த ஒரு குறிப்பிட்ட நிகழ்வோடும் தொடர்புபடுத்த முடியாத இழப்புக்கும் பணம் கிடையாது. வீட்டிலிருந்து வேறு இடத்துக்குக் கொண்டுபோன பொருளுக்கும் கிடையாது.

ஆகவே உக்கடத்திலிருந்து காந்திபுரம் போகும் பஸ் நெரிசலில் கழுத்துச் சங்கிலி அறுந்து விழுந்தாலும், மண்டபத்தில் கை கழுவும் இடத்தில் மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு வந்தாலும், பறிகாரன் கருகமணியை அறுத்துக்கொண்டு ஓடினாலும், வீட்டுத் தீக் காப்பீடு அங்கே வந்து நிற்காது.

பூட்டு உடைந்ததா என்பதே கேள்வி

திருட்டுக்கும் சேர்த்துப் பாதுகாப்பு தருவது "ஹவுஸ்ஹோல்டர்ஸ் பாலிசி" எனப்படும் தொகுப்பு வகை. பல நிறுவனங்கள் வெவ்வேறு பெயர்களில் விற்கின்றன. தீ ஒரு பிரிவு, கொள்ளை ஒரு பிரிவு, நகை ஒரு பிரிவு, மின்சாதனப் பழுது ஒரு பிரிவு என்று இதில் பல பிரிவுகள் இருக்கும். எல்லாவற்றையும் எடுக்க வேண்டியதில்லை. எடுத்த பிரிவுக்கு மட்டுமே பாதுகாப்பு.

இதில் கொள்ளைப் பிரிவின் வாசகத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். பல பாலிசிகள் பலவந்தமாக உள்ளே நுழைந்து அல்லது பலவந்தமாக வெளியேறித் திருடினால்தான் கொள்ளை என்று வரையறுக்கின்றன. பூட்டு உடைந்திருக்க வேண்டும், ஜன்னல் கம்பி வளைந்திருக்க வேண்டும், ஓடு பிரிக்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது வீட்டாரைத் தாக்கியோ மிரட்டியோ எடுத்திருக்க வேண்டும்.

யுனைடெட் இந்தியா நிறுவனத்துக்கும் ஹர்சந்த் ராய் சந்தன் லால் என்ற வணிக நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004ல் இதையே உறுதி செய்தது. பாலிசியில் பலவந்தம் என்று எழுதியிருந்தால் பலவந்தம் நடந்திருக்க வேண்டும், வெறும் திருட்டு அதில் அடங்காது என்பது தீர்ப்பு. இப்படிப்பட்ட வரையறை பாலிசிதாரர்களுக்குச் சிரமம் தருகிறது, நிறுவனங்கள் இதைச் சீர்செய்ய வேண்டும் என்றும் நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் எழுத்தில் இருப்பதே செல்லும்.

இதன் பொருள் என்ன? மதிய நேரத்தில் கதவைத் திறந்து வைத்துவிட்டு மாடியில் துணி காயப்போடப் போன நேரத்தில் ஒருவர் உள்ளே வந்து பீரோவில் சாவி தொங்குவதைப் பார்த்து எடுத்துப் போனால், சட்டப்படி அது திருட்டு, காவல்துறை வழக்குப் பதியும். ஆனால் பல கொள்ளைப் பாலிசிகளில் பணம் வராது. வீட்டில் வேலை செய்பவரோ குடும்ப உறுப்பினரோ எடுத்தது என்று தெரிந்தாலும் பல பாலிசிகள் விலக்கிவிடுகின்றன. "திருட்டும் சேர்த்தா, பூட்டை உடைத்தால் மட்டுமா? வேலைக்காரர் எடுத்தால் உண்டா?" என்று வாங்கும்போதே கேளுங்கள். முகவர் வாயால் சொல்வதை நம்பாமல், பாலிசியில் எந்த வரியில் அது இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள்.

வீடு பூட்டியே கிடக்கும் நாட்களுக்கும் வரம்பு உண்டு. தொடர்ந்து 30 நாளோ 60 நாளோ ஆளில்லாமல் இருந்தால் கொள்ளைப் பிரிவு செல்லாது என்ற நிபந்தனை பல பாலிசிகளில் இருக்கிறது. குடும்பத்தோடு துபாயிலோ ரியாத்திலோ இருந்துகொண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஊர் வருபவர்களுக்கு இது மிக முக்கியம். உம்ராவுக்குப் போய்விட்டு அப்படியே பிள்ளைகள் வீட்டில் இரண்டு மாதம் தங்கி வருபவர்களுக்கும்தான். நிறுவனத்துக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்து, பாதுகாப்பு தொடர்கிறது என்ற பதிலை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

வீட்டுக்கு வெளியே அணிந்திருக்கும்போது நேரும் இழப்புக்கு "ஆல் ரிஸ்க்" என்ற நகைப் பிரிவு இருக்கிறது. நகையைத் தனித்தனியாகப் பட்டியலிட்டு, மதிப்புக் குறித்து எடுப்பது. வழிப்பறி, விபத்தாகத் தவறவிடுவது போன்றவற்றுக்கும் இதில் வழி உண்டு. பிரீமியம் கூடுதல். எல்லைகளும் உண்டு. பெரும்பாலும் இந்தியாவுக்குள் மட்டும் செல்லும். ஒரு ஜோடிக் கம்மலில் ஒன்று தொலைந்தால் முழு ஜோடிக்கும் பணம் வராது, போன ஒன்றின் மதிப்பு மட்டும்தான். பூட்டாத காரில் வைத்துவிட்டுப் போனால் கிடையாது.

கோவைக்குக் கலவரம் புதிய சொல் அல்ல

கலவரம் என்ற சொல்லைப் பாலிசியில் படிக்கும்போது கோவைக்காரர்களுக்கு 1997 நினைவுக்கு வராமல் இருக்காது. அந்த ஆண்டு நவம்பர் 29ல் போக்குவரத்துக் காவலர் செல்வராஜ் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து நடந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் முஸ்லிம்கள் 18 பேர் உயிரிழந்தார்கள். முஸ்லிம்களின் கடைகளும் உடைமைகளும் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. அடுத்து 1998 பிப்ரவரி 14ல் நடந்த தொடர் குண்டுவெடிப்பில் 58 பேர் பலியானார்கள். நீதிபதி கோகுலகிருஷ்ணன் ஆணையம் இவற்றை விசாரித்தது. உயிரிழப்புக்கு எந்தப் பணமும் ஈடாகாது. ஆனால் ஒரே நாளில் கடையையும் கையிருப்பையும் இழந்த குடும்பங்கள் மீண்டு எழ எவ்வளவு காலம் ஆனது என்பதை நம் மூத்தவர்கள் அறிவார்கள்.

பழைய தீக் காப்பீட்டு முறையில் கலவரப் பாதுகாப்பை வேண்டாம் என்று விலக்கிவிட்டால் பிரீமியம் குறையும். நூறு, இருநூறு ரூபாய் மிச்சம் என்று அதை நீக்கி எடுப்பவர்களும் உண்டு. பாரத் கிருஹ ரக்ஷாவில் கலவரமும் பயங்கரவாதமும் உள்ளேயே சேர்க்கப்பட்டிருக்கின்றன. கலவரத்தைத் தொடர்ந்து 7 நாட்களுக்குள் நடக்கும் சூறையாடலும் அதில் அடங்கும். ஆனால் நகைப் பிரிவை எடுக்காதவருக்கு நகை இதிலும் சேராது. அரசின் உத்தரவால் இடிக்கப்பட்டதற்கும், பறிமுதல் செய்யப்பட்டதற்கும், வேறு யாராவது சட்டவிரோதமாக வீட்டை ஆக்கிரமித்துக்கொண்டதற்கும் இழப்பீடு கிடையாது.

கடை வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வீட்டுப் பாலிசி கடைக்குச் செல்லாது. ஓர் இடத்தில் 5 கோடி ரூபாய் வரையுள்ள சிறு வணிகத்துக்கு "பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா" என்ற தனிப் பாலிசி இருக்கிறது. கீழே கடை, மேலே வீடு என்று இருப்பவர்கள் இரண்டையும் தனித்தனியே சொல்லிக் காப்பீடு செய்ய வேண்டும்.

அமானிதமாக இருக்கும் நகை

நம் வீடுகளில் மட்டும் அதிகம் காணப்படும் ஒரு நிலை இருக்கிறது. வெளிநாடு போகும் தங்கை தன் நகையை அண்ணன் வீட்டில் வைத்துவிட்டுப் போவாள். பக்கத்து வீட்டு அம்மா "வெச்சிருங்க, அப்புறம் வாங்கிக்கறேன்" என்று ஒரு பொட்டலத்தைக் கொடுத்திருப்பார். இப்படி அமானிதமாக வந்த பொருளைப் பாலிசிகள் பொதுவாகக் காப்பீடு செய்தவருடைய சொத்தாகப் பார்ப்பதில்லை. காப்பீடு செய்தவருக்கும் அவரோடு அந்த வீட்டில் நிரந்தரமாக வசிக்கும் குடும்பத்தினருக்கும் சொந்தமானவையே கணக்கில் வரும். பிறருடையதை வைத்திருக்கிறோம் என்று முன்பே எழுதிச் சொல்லி நிறுவனம் ஏற்றுக்கொண்டிருந்தால் அன்றி, அமானித நகைக்கு இழப்பீடு எதிர்பார்க்க முடியாது. நம்பிக் கொடுத்தவரிடம் இதை முன்பே சொல்லிவிடுவது நல்லது.

வீட்டில் இருக்கும் ரொக்கப் பணம், பத்திரம், காசோலை, தங்கக் கட்டி, பதிக்காத கல் ஆகியவையும் தனியாகக் குறிப்பிடாவிட்டால் விலக்கப்பட்டவை. நகையாகச் செய்யாமல் தங்கக் காசாகச் சேர்த்து வைப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். காசு என்பதும் விலக்குப் பட்டியலில்தான் இருக்கிறது.

லாக்கரில் இருந்தால் கவலை இல்லையா?

வங்கி லாக்கர் வீட்டு பீரோவைவிடப் பாதுகாப்பானது என்பதில் ஐயமில்லை. ஆனால் லாக்கரில் உள்ளதற்கு வங்கி முழுப் பொறுப்பு என்று நினைப்பது தவறு. அமிதாபா தாஸ்குப்தா என்ற வாடிக்கையாளர் தொடுத்த வழக்கில் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பைத் தொடர்ந்து ரிசர்வ் வங்கி புதிய விதிகளை வெளியிட்டது. 2022 ஜனவரி 1 முதல் அவை நடைமுறையில் இருக்கின்றன. தீ, திருட்டு, கொள்ளை, கட்டடம் இடிந்து விழுதல், வங்கி ஊழியரின் மோசடி ஆகியவற்றால் லாக்கரில் இருப்பது பறிபோனால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல 100 மடங்கு வரை. வாடகை 2,000 ரூபாய் என்றால் 2 லட்சம். உள்ளே 40 பவுன் இருந்தாலும் அவ்வளவுதான். வங்கியின் கவனக்குறைவு இல்லாமல் நிலநடுக்கம், வெள்ளம், மின்னல் போன்ற இயற்கைப் பேரிடரால் போனால் அந்தப் பொறுப்பும் இல்லை.

லாக்கரில் என்ன இருக்கிறது என்று வங்கிக்குத் தெரியாது, அதற்கு வங்கி காப்பீடு செய்வதும் இல்லை. வீட்டுப் பாலிசியும் வீட்டை விட்டு வெளியே போன பொருளுக்குச் செல்லாது. லாக்கர் நகைக்குப் பாதுகாப்பு வேண்டும் என்றால், "வங்கி லாக்கரில் உள்ளதும் சேர்த்து" என்று எழுதிய நகைப் பிரிவைக் காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்டு வாங்க வேண்டும்.

ஜகாத் கணக்கே நகைப் பட்டியல்

இழப்பீடு கேட்கும்போது வரும் முதல் கேள்வி, இந்த நகை உங்களிடம் இருந்தது என்பதற்கு என்ன ஆதாரம் என்பது. இங்குதான் பெரும்பாலானவர்கள் தடுமாறுகிறார்கள். உம்மா கொடுத்த வளையலுக்கு ரசீது எங்கே இருக்கும்? ராஜ வீதியில் பழைய நகையை அழித்துப் புதிதாகச் செய்ததற்குத் துண்டுச் சீட்டுதானே கொடுத்தார்கள்?

இதற்கு நம்மிடம் ஒரு நல்ல வழி ஏற்கெனவே இருக்கிறது. ரமளானில் ஜகாத் கணக்குப் பார்ப்பதற்காக நகையை எடுத்து எடை போடுகிறோம். அன்றைக்கே அந்த எடையை ஒரு நோட்டில் நகைவாரியாக எழுதிவிடுங்கள். ஒவ்வொன்றையும் செல்ஃபோனில் படம் எடுத்து, வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கும் அனுப்பி வையுங்கள். வீட்டுக்குள்ளேயே ஆதாரமும் நகையும் சேர்ந்து இருந்தால் இரண்டும் ஒன்றாகப் போய்விடும். கடனை எழுதி வைக்கச் சொல்லும் வசனம்தான் குர்ஆனிலேயே மிக நீளமானது என்பதை நாம் அறிவோம். எழுதி வைப்பது நம்பிக்கைக் குறைவு அல்ல, மார்க்கம் கற்றுத்தந்த ஒழுங்கு.

பட்டியலில் எந்த நகை யாருடையது என்றும் எழுதுங்கள். மஹராகக் கொடுத்தது மனைவியின் சொத்து. மகளுக்கென்று கொடுத்துவிட்டது மகளுடையது. இது இன்சூரன்ஸுக்கு மட்டுமின்றி, நாளை வாரிசுரிமைப் பங்கு பிரிக்கும்போதும் சண்டை வராமல் காக்கும்.

புதிதாக வாங்கும் நகைக்குக் கட்டாயம் பில் வாங்குங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகையில் எச்.யு.ஐ.டி. எனப்படும் 6 இலக்க அடையாளக் குறியீடு இருக்க வேண்டும். எண்ணும் எழுத்தும் கலந்த அந்தக் குறியீடு ஒவ்வொரு நகைக்கும் வேறு. பி.ஐ.எஸ். கேர் செயலியில் அதைச் சரிபார்க்கலாம். அதைப் பட்டியலில் குறித்து வைத்தால், காவல்துறை நகையை மீட்கும்போதும் "இது எங்களுடையது" என்று காட்ட உதவும்.

மதிப்பையும் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். 2015ல் ஒரு பவுன் சுமார் 20,000 ரூபாய். 2025 ஜனவரியில் 60,000 ரூபாயைத் தாண்டியது. பழைய மதிப்பில் பாலிசியைப் புதுப்பித்துக்கொண்டே வந்தால் குறைக் காப்பீடு ஆகிவிடும். பல தொகுப்புப் பாலிசிகளில் இதற்கு ஒரு கணக்கு உண்டு. 12 லட்சம் மதிப்புள்ள நகையை 4 லட்சத்துக்கு மட்டும் காப்பீடு செய்திருந்தால், 3 லட்சம் ரூபாய் நகை திருடு போகும்போது முழுதும் தராமல் மூன்றில் ஒரு பங்காக 1 லட்சம் மட்டும் தருவார்கள்.

இழப்பு நேர்ந்துவிட்டால்

முதலில் இன்னாலில்லாஹி சொல்லி மனதைத் தேற்றிக்கொண்டு, உடைந்த பூட்டையும் கலைந்த பீரோவையும் தொடாமல் அப்படியே விடுங்கள். பலவந்த நுழைவுக்கு அதுதான் சாட்சி. படம் எடுத்துக்கொள்ளுங்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். முதலில் சி.எஸ்.ஆர். ரசீது தருவார்கள். அதோடு நின்றுவிடாமல் எஃப்.ஐ.ஆர். நகலைக் கேட்டு வாங்குங்கள். காப்பீட்டு நிறுவனங்கள் அதைத்தான் கேட்கும். புகாரில் நகைகளின் எடையும் எண்ணிக்கையும் பட்டியலில் உள்ளபடியே இருக்கட்டும். பதற்றத்தில் 12 பவுனை 20 பவுன் என்று சொல்லிவிட்டுப் பின்னால் திருத்தினால் முழுக் கோரிக்கையும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

அதே நாளில், முடிந்தால் அதே மணி நேரத்தில், காப்பீட்டு நிறுவனத்துக்குத் தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் தெரிவியுங்கள். அவர்கள் சர்வேயரை அனுப்புவார்கள். அவர் கேட்கும் ஆவணங்களைக் கொடுத்து, கொடுத்ததற்கு அத்தாட்சி வாங்கிக்கொள்ளுங்கள். நகை கிடைக்காவிட்டால், கண்டுபிடிக்க முடியவில்லை என்ற காவல்துறைச் சான்றையும் நிறுவனம் கேட்கும்.

கோரிக்கை நிராகரிக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத வேண்டும். பிறகு ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் "பீமா பரோசா" தளத்திலோ 155255 என்ற எண்ணிலோ முறையிடலாம். நிறுவனம் ஒரு மாதத்தில் பதில் தராவிட்டாலோ பதில் திருப்தி தராவிட்டாலோ, சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் மனு செய்யலாம். 50 லட்சம் ரூபாய் வரையுள்ள கோரிக்கைகளை அவர் விசாரிப்பார். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. நுகர்வோர் ஆணையம் இன்னொரு வழி. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே, இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

நிச்சயமின்மை, சூதாட்டத் தன்மை, வட்டி ஆகியவை கலந்திருப்பதால் வணிக ரீதியான இன்சூரன்ஸ் கூடாது என்றும், ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுறவு முறைக் காப்பீடு கூடும் என்றும் ஜித்தாவிலுள்ள சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1985 டிசம்பரில் தீர்மானித்தது. அந்தக் கூட்டுறவு முறையே தகாஃபுல். உறுப்பினர்கள் நன்கொடையாகச் செலுத்தும் நிதியிலிருந்து இழந்தவருக்குக் கொடுப்பார்கள். மலேசியா 1984லேயே இதற்குச் சட்டம் இயற்றியது. இலங்கையில் அமானா தகாஃபுல் 1999 முதல் இயங்குகிறது. இந்தியாவில் உரிமம் பெற்ற தகாஃபுல் நிறுவனம் நமக்குக் கிடைக்கவில்லை.

இந்த நிலையில் இந்திய இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1990களின் தொடக்கத்தில், இந்நாட்டில் கலவரங்களால் முஸ்லிம்களின் உயிரும் உடைமையும் ஆபத்துக்குள்ளாகும் சூழலைக் கருதி, தேவையின் அடிப்படையில் காப்பீடு செய்துகொள்ள இடமளித்தது. இதை ஏற்காத ஆலிம்களும் இருக்கிறார்கள். கடனுக்காக வங்கி கட்டாயப்படுத்தும் பாலிசி, சட்டம் கட்டாயமாக்கிய வாகனக் காப்பீடு, நாமாக விரும்பி எடுக்கும் நகைக் காப்பீடு மூன்றும் ஒரே நிலையில் வைத்துப் பார்க்கப்படுவதும் இல்லை. உங்கள் சூழ்நிலையை விளக்கி, நீங்கள் நம்பும் ஆலிமிடம் கேட்டு முடிவெடுங்கள். பாலிசியின் விவரம் தெரிந்தால்தான் கேள்வியையே சரியாகக் கேட்க முடியும்.

எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் ஒன்றில் கருத்து வேறுபாடு கிடையாது. இழக்காததை இழந்ததாகச் சொல்லிப் பணம் பெறுவது பொய், பிறர் பொருளை அநியாயமாக உண்பது. பாலிசியையும் அது செல்லாததாக்கிவிடும்.

காப்பீடு எடுப்பதில்லை என்று முடிவெடுக்கும் குடும்பங்களுக்கும் மேலே சொன்ன பட்டியலும் படமும் பில்லும் தேவை. ஜமாஅத்துகளும் இதில் ஒன்று செய்யலாம். பிரீமியம் வாங்கி இழப்பீடு தருவதாக உறுதி கொடுத்தால் அது இன்சூரன்ஸ் தொழில். அதற்கு உரிமமும் 100 கோடி ரூபாய் மூலதனமும் வேண்டும். ஆனால் தீயிலோ வெள்ளத்திலோ திருட்டிலோ எல்லாவற்றையும் இழந்த வீட்டுக்குப் பைத்துல்மாலிலிருந்து உதவ எந்தத் தடையும் இல்லை. கூடவே ஜும்ஆ முடிந்து பத்து நிமிடம், பாலிசியை எப்படிப் படிப்பது, புகாரை எப்படி எழுதுவது என்று விவரம் தெரிந்த ஒருவரைப் பேசச் சொல்லலாம்.

இந்த வாரமே உங்கள் வீட்டுக் கடன் கோப்பை எடுத்துப் பாலிசியைத் தேடிப் பாருங்கள். மூன்று கேள்விகளுக்கு அதில் பதில் இருக்கிறதா என்று பாருங்கள்: திருட்டு உண்டா? நகை உண்டா? எவ்வளவுக்கு? பதில் புரியவில்லை என்றால் நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டச் சொன்ன நபியின் உம்மத் நாம். நம் உடைமைகளையும், அவற்றைவிட மேலாக நம் ஈமானையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆமீன்.